எட்டுப் பெற்றும் பெருகாத ஊர்: மக்கள்தொகைக் கணக்கில் ஒரு பாடம்

இயற்கை விவசாயம் என்று பேச ஆரம்பித்தால் போதும், எதிரே இருப்பவர் ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருப்பார். “எல்லாம் சரிங்க, அந்தக் காலத்துல ஜனத்தொகை கம்மி. இப்ப நூத்தி நாப்பது கோடி பேர். யூரியா போடாம இத்தனை பேருக்கும் சோறு போட முடியுமா?” டீக்கடையில் கேட்கிறாங்க, உரக்கடையில் கேட்கிறாங்க, சம்பந்தி வீட்டு விருந்திலும் கேட்கிறாங்க. நம்மில் பலர் பேச்சை மண்புழுவுக்கோ பஞ்சகவ்யாவுக்கோ திருப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறோம்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கு. ஜனம் என்பது பார்த்தீனியம் மாதிரி, விட்டால் தானாகப் பரவிக்கொண்டே போகும், எந்த வேளாண்மை வந்தாலும் அதன் பின்னால் ஓடித்தான் ஆகணும் என்கிற நினைப்பு. ஒரு நாட்டின் மக்கள்தொகை அப்படி வளருவதில்லை. எப்படி வளருகிறது என்பதை நம்ம வயல், நம்ம ஏரி, நம்ம குடும்பம் வழியாகவே கற்றுக்கொள்ளலாம். பெருக்கல், கழித்தல் தெரிந்தால் போதும்.

ஏரிக் கணக்கு

திருத்தணி, திருவாலங்காடு, மணவூர் பக்கத்தில் ஏரி தெரியாத உழவர் கிடையாது. ஏரிக்கு வரத்துக் கால்வாய் ஒன்று. தண்ணீர் வெளியே போக மதகும் கலங்கலும். நாலு அடி தண்ணீர் நிற்குது என்றால், அது வரத்தைப் பொறுத்தது மட்டுமில்லை. எவ்வளவு வருது, எவ்வளவு போகுது என்ற வித்தியாசம்தான் மட்டத்தை ஏற்றும், இறக்கும். வரத்து பெரிசா இருந்து மதகும் முழுசாகத் திறந்திருந்தால் மட்டம் அசையாது.

நாட்டுக்கும் அதேதான். போன வருடம் இருந்தவர்கள், அவர்களோடு பிறந்தவர்களைக் கூட்டு, இறந்தவர்களைக் கழி, வெளியிலிருந்து வந்தவர்களைக் கூட்டு, போனவர்களைக் கழி. இதற்கு மேல் மக்கள்தொகைக் கணக்கில் ரகசியம் எதுவும் கிடையாது. பிறப்பு, இறப்பு, இடம்பெயர்வு என்று மூன்றே வாசல்.

ஆனால் ஏரி உதாரணம் ஒரு இடத்தில் உதைக்கும். ஏரியில் இருக்கிற தண்ணீர் புதுத் தண்ணீரைப் பெற்றுப்போடாது. மக்கள் பெற்றுப்போடுவாங்க. அதனால் இது ஏரியும் ஆட்டுப்பட்டியும் சேர்ந்த கணக்கு. பட்டியில் நூறு ஆடு இருக்கு என்று சொன்னால் அடுத்த வருடம் எத்தனை குட்டி என்று சொல்ல முடியுமா? முடியாது. நூறில் எத்தனை பெட்டை, எத்தனை கிழம், எத்தனை இன்னும் சினைப் பருவத்துக்கு வராத குட்டி என்று கேட்டாகணும். இந்தக் கேள்வியை ஆட்டுக்குக் கேட்கிற நாம் மனிதனுக்குக் கேட்பதில்லை. அதனால்தான் பாதிக் குழப்பம். அதற்குப் பிறகு வருவோம்.

கொள்ளுத்தாத்தாவுக்கும் எட்டுதான்

ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு வச்சுக்குவோம். கற்பனைதான், ஆனால் உங்க குடும்பத்தை இதில் பொருத்திப் பார்த்தால் பெரும்பாலும் பொருந்தும்.

கொள்ளுத்தாத்தாவுக்கு ஆறு ஏக்கர் நிலம், எட்டுப் பிள்ளைகள். அம்மை, காலரா, பேதி, பிரசவக் காய்ச்சல் எல்லாம் போக நிமிர்ந்தது இரண்டு, ஒரு பையன், ஒரு பெண். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாங்க. ஆறு ஏக்கரும் அப்படியே பையனுக்கு வந்தது. இது எத்தனையோ தலைமுறையாக நடந்த கதை. எட்டுப் பெற்றும் ஊர் பெருகவில்லை, நிலம் துண்டாகவில்லை. வரத்துக் கால்வாய் ததும்பி ஓடியது, மதகும் அகலத் திறந்து கிடந்தது.

அந்தப் பையன்தான் தாத்தா. அவருக்கும் எட்டு. இந்தத் தடவை தங்கியது நாலு, அதில் ஆண் இரண்டு. ஆளுக்கு மூணு ஏக்கர். அப்பா தலைமுறையில் பிறந்தது ஐந்து, பிழைத்தது நாலு, அதிலும் ஆண் இரண்டு. ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். இப்போதைய தலைமுறையில் பிறந்ததே இரண்டு, இரண்டும் நன்றாக இருக்கு.

நன்றாகக் கவனிங்க. நிலம் துண்டானது அதிகம் பெற்ற காலத்தில் இல்லை. பெற்றது பிழைக்க ஆரம்பித்த காலத்தில். தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் பெற்றது ஒரே எண்ணிக்கை. மாறியது மதகு மட்டும்தான். மக்கள்தொகைப் பெருக்கம் என்று உலகம் முழுக்கப் பேசப்படுகிற விஷயத்தின் உயிர்நாடி இதுதான். இறப்பு முதலில் குறையும். பிறப்பு, ஒன்றிரண்டு தலைமுறை தாமதமாகத்தான் குறையும். அந்த இடைவெளியில்தான் ஜனம் பெருகும்.

பிறப்பு ஏன் தாமதமாகக் குறையுது என்பதும் உழவருக்கு விளங்கும். பாதி விதை முளைக்காது என்று தெரிந்தால் கூட ஒரு படி விதைப்போம். முளைப்புத் திறன் கூடிவிட்டது என்று நாலைந்து போகம் பார்த்து நம்பிய பிறகுதான் விதையளவைக் குறைப்போம்.

எண்கள் சொல்கிற கதை

நம் முன்னோர்கள் நிலத்தை அளப்பதில் கில்லாடிகள். ராஜராஜன் காலத்து நில அளவை வேலியைப் பின்னத்துக்குள் பின்னமாகப் பிரித்துக் கணக்கு வைத்தது. மணவூரும் பழைய ஊர்தான். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் மணவிற்கோட்டம் ஒன்று. சோழர் படைத்தலைவன் மணவிற்கூத்தன், அதாவது நரலோகவீரன், இந்த ஊர்ப் பெயரைத்தான் சுமந்தான். ஆனால் கோட்டத்தில் மொத்தம் எத்தனை தலை என்று கல்வெட்டைக் கேட்டால் பதில் வராது. வரி நிலத்துக்கு, அதனால் கணக்கும் நிலத்துக்கு. வெள்ளைக்காரன் காலத்தில், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்டு என்பவர் செங்கல்பட்டு ஜாகீரில் சுமார் 2000 ஊர்களை வீடு, ஏரி, நிலம் என்று அளந்து எழுதினார். தலை எண்ணும் முறையான கணக்கு சென்னை மாகாணத்துக்கு 1871-ல்தான் வந்தது.

அந்த 1871 கணக்கெடுப்பை நடத்தி அறிக்கை எழுதியவர் கார்னிஷ் என்ற மருத்துவர். மாகாணத்தில் சுமார் 3 கோடியே 12 லட்சம் பேர் என்றார். பத்து வருடம் கழித்து 1881-ல் எண்ணியபோது 3 கோடியே 8 லட்சம். கூடவில்லை, குறைந்துவிட்டது. நடுவில் வந்தது 1876-78 தாது வருடப் பஞ்சம். கடப்பை, கர்நூல், பெல்லாரி, சேலம், வடஆர்க்காடு என்று வரிசையாகச் செத்தாங்க. நம்ம திருத்தணிப் பகுதி அப்போது வடஆர்க்காட்டில்தான் இருந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு வெயிலில் மண் சுமக்கணும். இது ஆளைக் கொல்லும் கூலி என்று எதிர்த்து எழுதியவர் அதே கார்னிஷ். எண்ணியவருக்குத்தான் தெரியும், எண்ணப்பட்டது தலை, எண் இல்லை என்று. அதே காலத்தில் இந்தியக் கோதுமை கப்பலேறி இங்கிலாந்து போய்க்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் மால்தஸ் என்ற பெயரைச் சொல்லியாகணும். ஜனம் பெருக்கலில் வளரும், உணவு கூட்டலில்தான் வளரும், அதனால் பஞ்சமும் நோயும் வந்து கழித்துவிடும் என்று 1798-ல் எழுதியவர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பழக்க இங்கிலாந்தில் நடத்திய கல்லூரியில் அவர்தான் பேராசிரியர். அவர் பாடம் படித்த தலைமுறைக்குப் பஞ்சம் என்பது நிர்வாகக் கோளாறாகத் தெரியாமல் இயற்கையின் கணக்காகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. “இத்தனை பேருக்குச் சோறு போட முடியுமா” என்ற கேள்வி நமக்கு உரக்கடையில் பிறந்தது மாதிரி தோன்றும். அது அவ்வளவு பழையது.

அப்புறம் 1911 முதல் 1921 வரை. அந்தப் பத்து வருடத்தில் இந்தியாவில் ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு 48 பேர் பிறந்தாங்க, 47 பேர் இறந்தாங்க. 1918-ல் விஷக்காய்ச்சல் வேறு. 25 கோடியே 21 லட்சமாக இருந்த மக்கள்தொகை 25 கோடியே 13 லட்சமாக இறங்கியது. அதற்கப்புறம் இறங்கவே இல்லை. அதனால்தான் 1921-ஐப் பெரும் பிரிவு ஆண்டு என்பாங்க.

அடுத்து நடந்ததைப் பாருங்க. 1921-31-ல் பிறப்பு 46, இறப்பு 36. 1941-51-ல் பிறப்பு 40, இறப்பு 27. 1961-71-ல் பிறப்பு 41, இறப்பு 19. பிறப்பு கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நிற்குது, இறப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. நாட்டின் மக்கள்தொகை 1951-ல் 36 கோடி, 1971-ல் 55 கோடி, 1991-ல் 84 கோடி, 2011-ல் 121 கோடி. தமிழ்நாடு 1951-ல் 3 கோடி, 2011-ல் 7 கோடியே 21 லட்சம்.

வட்டிக் கணக்குப் பார்க்கிற பழக்கம் இருந்தால் ஒரு குறுக்கு வழி. வருட வளர்ச்சி சதவீதத்தால் 70-ஐ வகுத்தால் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று வரும். 1961-க்கும் 1981-க்கும் நடுவே இந்தியா வருடத்துக்கு 2.2 சதவீதம் வளர்ந்தது. அப்படியே போனால் 32 வருடத்தில் இரண்டு மடங்கு. அன்றைக்குப் பதறினதுக்குக் காரணம் இருந்தது.

இறப்பு ஏன் குறைந்தது? இங்கே நம்ம ஆட்களுக்கே கொஞ்சம் கசப்பாக இருக்கும். “அந்தக் காலத்துல கம்பும் கேழ்வரகும் தின்னு நூறு வயசு இருந்தாங்க” என்று நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். 1911-21-ல் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 20 வருடம். எல்லாரும் இருபதில் செத்தாங்க என்று அர்த்தமில்லை. பிறந்ததில் பெரும்பகுதி குழந்தையிலேயே போனதால் சராசரி தரையில் கிடந்தது. தப்பித்து நிமிர்ந்தவர்களில் சிலர் எண்பது வரை உழுதாங்க, அவர்களைத்தான் நாம் ஞாபகம் வச்சிருக்கோம். செத்த குழந்தைகளை யார் ஞாபகம் வச்சிருக்கா? கேழ்வரகு நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அம்மையைத் தடுத்தது கேழ்வரகு இல்லை, தடுப்பூசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அம்மைப்பால் தயாரித்து ஊர் ஊராக அனுப்பினாங்க. பஞ்ச நிவாரண விதிகள் வந்தன. நல்ல தண்ணீர், மருத்துவச்சிக்குப் பயிற்சி, ஆரம்ப சுகாதார நிலையம், மலேரியாவுக்கு எதிரான வேலை. ஆமாம், நாம் வயலில் வெறுக்கிற டி.டி.டி.தான் அன்றைக்கு வீட்டுச் சுவரில் அடித்து மலேரியாவைக் குறைத்தது. உண்மையை ஒத்துக்கொண்டால் நம் வாதம் பலவீனமாகாது.

இதே எண்கள் இன்னொன்றும் சொல்லும். ஐ.ஆர்.8 நெல்லும் யூரியா மூட்டையும் நம் வயலுக்கு வந்தது 1960-களின் பின்பாதியில். அதற்குள் 25 கோடி 44 கோடியாகியிருந்தது. இறப்பு விகிதம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டிருந்தது. ஆக, ரசாயன உரம் வந்ததால்தான் ஜனம் பிழைத்தது என்று சொல்வது வரிசையைத் தலைகீழாக்குவது. பிழைத்த ஜனத்துக்குத் தானியம் பற்றாமல் 1960-களில் அமெரிக்கக் கோதுமைக்குக் கப்பலை எதிர்பார்த்து நின்றோம், அது நிஜம். அந்த அவசரத்தில்தான் பசுமைப் புரட்சி வந்தது, அதுவும் நிஜம்.

சின்ன எச்சரிக்கை. பழைய கணக்கைப் புரட்டுகிறவர்கள் எல்லையைப் பார்த்துக்கணும். திருத்தணி 1911-லிருந்து சித்தூர் மாவட்டக் கணக்கில் இருக்கும். 1960 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டுக் கணக்கில், செங்கல்பட்டு மாவட்டத்தில். 1997-க்கு அப்புறம் திருவள்ளூர் மாவட்டத்தில். நாம் யாரும் எங்கேயும் போகவில்லை, கோடுதான் நகர்ந்தது.

குறைத்த பிறகும் ஏன் கூடுது?

இப்போது தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறுகிற சராசரிக் குழந்தைகள் 1.4 என்று 2020 மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்லுது. 1971-ல் இது 3.9. தாயும் தகப்பனும் இரண்டு பேர், அவர்கள் இடத்தை நிரப்ப இரண்டு குழந்தை வேணும். பெண்ணைவிட ஆண் கொஞ்சம் கூடப் பிறப்பதாலும், சில குழந்தைகள் வளருமுன் இறப்பதாலும் 2.1 என்று வைப்பாங்க. தமிழ்நாடு அந்த 2.1-ஐ 2000 வாக்கிலேயே தொட்டுவிட்டது. அப்படியானால் 2000-லேயே மக்கள்தொகை நின்றிருக்கணுமே? ஏன் நிற்கவில்லை?

ஆட்டுப்பட்டிக் கேள்விக்கு இப்போது வருவோம். கணக்கு சுலபமாக இருக்க, ஒரு ஊரில் பெண்களை மட்டும் எண்ணுவோம். பாட்டிகள் 25, அம்மாக்கள் 50, மகள்கள் 100. மொத்தம் 175. இதுவரை ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு மகள் தங்கியதால் இந்த வடிவம். இன்றிலிருந்து ஒவ்வொருத்தியும் ஒரே ஒரு மகள்தான் பெறுகிறாள் என்று வச்சுக்குவோம்.

ஒரு தலைமுறை போகுது. 25 பாட்டிகளும் காலமாகிவிட்டாங்க. 50 அம்மாக்கள் பாட்டிகள். 100 மகள்கள் அம்மாக்கள். அவர்கள் ஆளுக்கு ஒன்று பெற்றதால் மகள்கள் 100. மொத்தம் 250. இன்னொரு தலைமுறை: 100, 100, 100. மொத்தம் 300. அதற்கப்புறம்தான் அசையாது. ஒருத்திக்கு ஒரு மகள் என்று கட்டுப்படுத்திய பிறகும் 175 என்பது 300 ஆனது. யாரும் தவறு செய்யவில்லை. ஏற்கெனவே பிறந்துவிட்டவர்கள் வளர்ந்து வரிசையில் முன்னுக்கு வருகிறாங்க, அவ்வளவுதான். ஐந்து வருடம் முன்பு வைத்த மாங்கன்று, இன்றைக்கு நாம் நடுவதை நிறுத்தினாலும் காய்க்கத்தானே செய்யும்?

இப்போது நம் 1.4-ஐப் போட்டுப் பாருங்க. ஒரு பெண்ணுக்கு மகள் மூன்றில் இரண்டு பங்கு. 100 அம்மாக்களுக்கு 67 மகள், அவர்களுக்கு 45, அவர்களுக்கு 30. நம்ம 300 பேர் ஊர் அடுத்து 267 ஆகும், அப்புறம் 212, அப்புறம் 142. அந்த 212-ல் பாட்டிகள் 100, அம்மாக்கள் 67, மகள்கள் 45. தலைகீழாக நிற்கிற கோபுரம்.

தமிழ்நாடு இப்போது கோபுரம் கவிழ ஆரம்பிக்கிற இடத்தில் நிற்குது. 2036 வாக்கில் 7 கோடியே 80 லட்சத்தைத் தாண்டாது, ஐந்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவராக இருப்பார் என்று மத்திய அரசின் கணிப்புக் குழுவே சொல்லியிருக்கு. இந்தியா முழுதும்கூட ஐ.நா. கணிப்பில் 2060-களில் 170 கோடி வாக்கில் உச்சிக்குப் போய் இறங்கும். நம் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு 2024-ல் இன்னும் அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார். நாற்பது வருடத்தில் சுவர் விளம்பரம் இப்படித் திரும்பும் என்று யார் நினைச்சா?

பிறப்பு குறைந்ததற்கு எமர்ஜென்சிதான் காரணம் என்று நினைப்பவர்கள் இருக்காங்க. 1976-77 ஒரே வருடத்தில் நாடு முழுக்க 80 லட்சம் பேருக்கு மேல் அறுவை செய்தாங்க. அதில் நடந்த கொடுமைதான் மிச்சம். அதிகமாக வதைபட்ட வடமாநிலங்களில் பிறப்பு விகிதம் அதனால் விழுந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் விழுந்ததற்குக் காரணம் வேற. 1971-ல் இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் 13. முளைப்புத் திறன் கூடியது. பெண் பிள்ளைகள் மதிய உணவோடு பள்ளிக்கூடம் போனாங்க, கல்யாண வயது தள்ளிப்போனது. கர்ப்பத்தடை பெண்ணின் உரிமை என்று பெரியார் மேடை போட்டுச் சொன்னபோது மற்ற தலைவர்கள் அதைப் பேசவே கூசினாங்க. பெண் கையில் முடிவு வந்தால் எண் தானாக இறங்கும் என்பதை நாம் பார்த்துவிட்டோம்.

மூன்றாவது வாசல்

இனி நம்ம மாவட்டத்துக்கு வருவோம். 2001-ல் திருவள்ளூர் மாவட்டத்தில் 27 லட்சத்து 54 ஆயிரம் பேர். 2011-ல் 37 லட்சத்து 28 ஆயிரம். பத்தே வருடத்தில் 35 சதவீதம். தமிழ்நாடு மொத்தம் வளர்ந்தது 15.6 சதவீதம்தான். நீலகிரி மாவட்டத்தில் குறைந்தே போனது. திருவள்ளூர்ப் பெண்கள் மட்டும் அதிகமாகப் பெற்றார்களா? இல்லை. அம்பத்தூர், ஆவடி, மாதவரம் பக்கம் வேலைக்கு வந்தவர்கள், சென்னையில் வாடகை கட்டமுடியாமல் வெளியே வந்தவர்கள், வடக்கேயிருந்து ரயிலேறி வந்தவர்கள். கூடியது வரத்து வாய்க்கால் இல்லை, பக்கத்து ஏரியின் கலங்கல் நம் பக்கம் திரும்பியது.

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை நம் மணவூர் வழியாகத்தான் போகுது. அதே தடத்தில் இன்றைக்கு அரக்கோணம் மின்சார ரயில் ஓடுது. காலையில் ஆளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகிற ரயில், திரும்பி வரும்போது மனைக்கு விலை கேட்கிறவர்களையும் கொண்டுவருது. வேர்க்கடலை போட்ட கொல்லையில் கல் நட்டு, கொடி கட்டி, “ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம்” என்று போர்டு வைக்கிறாங்க. இதைப் பார்த்துவிட்டு “ஜனம் பெருகிடுச்சு, நிலம் போகுது” என்று சொன்னால் தப்பான இடத்தில் கை வைக்கிறோம். பிறப்பு குறைந்தாலும் இந்த நெருக்கடி குறையாது. இது வேலை எங்கே குவிகிறது, மனைப்பிரிவுக்கு யார் அனுமதி கொடுக்கிறாங்க என்ற பிரச்சினை. ஏரி வரத்துக் கால்வாயில் மனை விழுந்தால் கேட்கவேண்டிய இடம் பிரசவ வார்டு இல்லை.

சரி, சோறு?

இப்போது டீக்கடைக் கேள்விக்குப் பதில் சொல்லலாம். 1951-ல் இந்தியாவில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த தானியமும் பருப்பும் சேர்த்து 395 கிராம். 2011-ல் 463 கிராம். ஜனம் மூன்று மடங்குக்கு மேல் கூடியும் ஆளுக்குக் கிடைப்பது குறையவில்லை. இதில் பாசனத்துக்கும் உரத்துக்கும் பங்குண்டு, மறுக்க வேண்டாம். ஆனால் அந்த 395-க்குள் பருப்பு மட்டும் 61 கிராம் இருந்தது. 2011-ல் 43 கிராம். அரிசியும் கோதுமையும் ஏறி, துவரையும் உளுந்தும் காராமணியும் இறங்கிவிட்டன. ஏழைக்குச் சோறு இருக்கு, சத்து போதவில்லை. வேர்க்கடலைக் கொல்லையில் ஊடுபயிராகத் துவரை போட்டவனுக்கும், நெல் அறுப்புக்கு முன்னால் உளுந்து தெளித்தவனுக்கும் யூரியா மூட்டை எதற்கு? பயறுவகை வேர் முடிச்சு அந்த வேலையைச் சும்மா செய்து கொடுக்கும். ஜனத்தொகைக்குப் பயந்து நாம் கைவிட்ட பயிர்தான் அந்த ஜனத்துக்குப் பற்றாக்குறையாகிப் போச்சு.

இன்னொரு எண் இதைவிட உறுத்துது. 2001-க்கும் 2011-க்கும் நடுவில் தமிழ்நாட்டில் ஜனம் 97 லட்சம் கூடியது. அதே பத்து வருடத்தில் சொந்தச் சாகுபடியாளர்கள் 51 லட்சத்திலிருந்து 42 லட்சமாகக் குறைந்தாங்க. விவசாயக் கூலிகள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமானாங்க. சாப்பிடுகிற வாய் கூடியதைப் பேசுகிறோம், விளைவிக்கிற கை குறைந்ததைப் பேசுவதில்லை. சராசரி நில உடைமை 1970-71-ல் மூன்றரை ஏக்கர் அளவில் இருந்தது, 2015-16-ல் 1.85 ஏக்கர். நம் உதாரணக் குடும்பத்தின் ஆறு, மூணு, ஒன்றரை கணக்கு இங்கே அரசாங்கப் புத்தகத்தில் தெரியுது.

ஆனால் இந்தத் துண்டாடல் இனியும் இதே வேகத்தில் நடக்காது. இரண்டு பிள்ளைகள், அதில் ஒன்று பெண். தமிழ்நாட்டில் 1989 முதலே பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு. ஒன்றரை ஏக்கர் காகிதத்தில் எழுபத்தைந்து சென்ட் ஆகலாம். ஆனால் இருவரில் ஒருவராவது உழுவாரா என்பதுதான் அடுத்த இருபது வருடத்தின் கேள்வி. அறுபதைக் கடந்தவர்கள் ஐந்தில் ஒருவர் என்றால், உழவர்களில் அந்தப் பங்கு அதைவிடக் கூடத்தான் இருக்கும். குனிந்து களை எடுக்க முடியாதவர்களுக்கு ஏற்ற வேளாண்மை எது? மூடாக்கு, பல ஆண்டுப் பயிர், மேட்டுப்பாத்தி, சிறு கருவிகள் என்று நாம் பேசிவருவது மண்ணுக்கு மட்டுமில்லை, இந்த வயசுக் கணக்குக்கும் பொருந்துது. அதேசமயம், ஆள் இல்லை என்ற காரணத்தைச் சொல்லியே களைக்கொல்லி விற்பாங்க. ஜனம் அதிகம் என்று சொல்லி உரம் விற்ற அதே கடையில் இனி ஜனம் குறைவு என்று சொல்லி மருந்து விற்பாங்க.

அடுத்த கணக்கெடுப்பு 2021-ல் நடந்திருக்க வேண்டியது. தள்ளித்தள்ளிப் போய் 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக அறிவித்திருக்காங்க. இடைப்பட்ட வருடங்களில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒதுக்கீடு 2011 எண்ணிக்கையை வைத்தே ஓடியது. நாடாளுமன்றத் தொகுதிகளின் பங்கு 1971 கணக்கில் நிறுத்தி வைத்தது. எண்ணுகிறவர் உங்க வீட்டுக்கு வரும்போது, தொழில் என்ன என்று கேட்கும் இடத்தில் “சும்மா வீட்ல இருக்காங்க” என்று உங்க வீட்டுப் பெண்களைச் சொல்லாதீங்க. நாற்று நட்டு, களை எடுத்து, மாடு கறந்து, விதை காப்பவர் சாகுபடியாளர். அப்படியே எழுதச் சொல்லுங்க.

அதுவரைக்கும் ஒரு வேலை. ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்க: கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, நீங்க. ஒவ்வொரு கட்டத்திலும் பிறந்தது எத்தனை, தங்கியது எத்தனை, ஊரைவிட்டுப் போனது எத்தனை, நிலம் எத்தனை ஏக்கர், அதில் பருப்பு விளைந்தது எவ்வளவு என்று எழுதுங்க. வீட்டில் வயசான பெண்களைக் கேளுங்க, இறந்த குழந்தைகளின் கணக்கு அவர்களிடம்தான் இருக்கும். அண்மைக் காலத்துக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் பிறப்பு, இறப்புப் பதிவேடு உண்டு. நாலைந்து குடும்பத் தாள்களை உழவர் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. கடைசிக் கட்டத்துக்குக் கீழே ஒரு காலிக் கட்டத்தை விட்டுவையுங்க, பிள்ளைகளிடம் கேட்டு நிரப்ப.